முகத்தின் அழகும் மூச்சின் விலையும்

நாய்களுள் பல வகை உண்டு. வேட்டையில் துணை நின்றவை சில. ஆட்டுக் கிடைக்குக் காவல் இருந்தவை சில. மோப்பத் திறனால் காவல்துறைக்கும் படைக்கும் உதவுபவை சில. இவ்வேலைகளுள் எதனையும் செய்யாமல், மனிதரின் அருகில் இருப்பதையே தம் பணியாகக் கொண்ட சிறுநாய்களும் உண்டு. மேலைநாட்டு நாய் வளர்ப்புக் கழகங்கள் அவற்றைப் 'பொம்மை வகை' எனத் தனியே பிரித்துள்ளன. அவ்வகையுள் இந்தியர் மிக நன்கு அறிந்தது 'பக்' என்னும் நாய்.

உருண்ட தலை, தட்டையான கரிய முகம், நெற்றியில் ஆழ்ந்த மடிப்புகள், பெரிய விழிகள், முதுகின்மேல் சுருண்ட வால் ஆகியவை பக் நாயின் அடையாளங்கள். நன்கு வளர்ந்த நாயின் எடை ஏறத்தாழ 6 முதல் 8 கிலோகிராம் வரை இருக்கும். பார்த்தவுடன் சிரிப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே எழுப்பும் அம்முகத்தை விரும்பாதவர் சிலரே. ஆயினும், அம்முகத்திற்காக அந்நாய் கொடுக்கும் விலை என்ன என்று எண்ணிப் பார்ப்பவரும் சிலரே. அதனை எண்ணிப் பார்ப்பது நாயை நேசிப்போரின் முதற்கடமை ஆகும்.

அரண்மனையிலிருந்து அடுக்குமாடிக்கு

பக் நாயின் தாயகம் சீனம். அங்கே அரச குடும்பத்தினரின் செல்லமாக அது வளர்ந்தது. கடல்வழி வணிகம் பெருகிய 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்த இந்நாய், நெதர்லாந்தின் அரச குடும்பத்தில் சிறப்பிடம் பெற்றது. 1572ஆம் ஆண்டுப் போரின்போது, இரவில் பாசறைக்குள் நுழைந்த பகைவரைக் கண்டு குரைத்து, இளவரசர் வில்லியத்தின் உயிரை ஒரு சிறுநாய் காத்தது என்று வழிவழியாகக் கூறுவர். பின்னர் இங்கிலாந்திலும் இவ்வினம் பரவியது. விக்டோரியா அரசியும் பக் நாய்களை வளர்த்தார்.

இந்தியாவில் இந்நாய் வீடுதோறும் அறிமுகமானது 2003ஆம் ஆண்டில்தான். ஹட்ச் என்னும் கைப்பேசி நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரத்தில், ஒரு சிறுவன் செல்லும் இடமெல்லாம் ஒரு பக் நாய் விடாது பின்தொடர்ந்து சென்றது. கைப்பேசியின் அலைவரிசையும் அவ்வாறே உடன் வரும் என்பது விளம்பரத்தின் கருத்து. மக்கள் மனத்தில் நின்றதோ அலைவரிசை அன்று, அந்நாயே. 'விளம்பர நாய்' வேண்டும் என்று பெற்றோரிடம் குழந்தைகள் கேட்டனர். பெருநகர்களிலும் சிறுநகர்களிலும் விலங்குக் கடைகள் அக்கேள்விக்கு விடை அளித்தன.

ஒரு நாயை அதன் இயல்பு அறிந்து தேர்ந்தெடுப்பது வேறு. திரையில் கண்டு விரும்புவது வேறு. திரையில் தெரிவது முகம் மட்டுமே. மூச்சின் ஒலி அங்கே கேட்பதில்லை.

இனிய குணம்

பக் நாயின் குணத்தைப் புகழ்வோர் மிகைப்படுத்துவதில்லை. அது சினம் குறைந்த நாய். குழந்தைகளோடும் முதியவர்களோடும் பிற வளர்ப்பு விலங்குகளோடும் எளிதில் பழகும். காரணமின்றிக் குரைத்து அண்டை வீட்டாரைத் துன்புறுத்துவது அதன் வழக்கமன்று. பரந்த முற்றமும் தோட்டமும் அதற்குத் தேவையில்லை. இரண்டு அறைகள் கொண்ட வீட்டிலும் நிறைவோடு வாழும். வீட்டில் எவர் எங்கு சென்றாலும் அவர் காலடியிலேயே செல்லும். அவர் அமர்ந்தால் அதுவும் அமரும்.

அக்குணத்திற்கு மறுபக்கமும் உண்டு. மனிதரோடு இருப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட நாய், தனிமையைத் தாங்குவதில்லை. காலையில் பெற்றோர் இருவரும் பணிக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் சென்று மாலையில் திரும்பும் வீட்டில், பூட்டிய கதவின் பின்னே அது ஏங்கிக் கிடக்கும். ஏக்கம் மிகுந்தால் பொருள்களைக் கடிக்கும், உணவை மறுக்கும். அதனைக் குறும்பு என எண்ணித் தண்டிப்பவர் அதன் மொழியை அறியாதவர்.

பயிற்சி அளிப்பதிலும் பொறுமை வேண்டும். பக் நாய் சற்றுப் பிடிவாதம் உடையது. கடுஞ்சொல்லுக்கு அது பணிவதில்லை, ஒதுங்கிச் சுருண்டுகொள்ளும். இன்சொல்லுக்கும் ஒரு துண்டு உணவுக்கும் விரைந்து இணங்கும். உணவின்மேல் அதற்குள்ள விருப்பம் பெரிது. கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் உடல் விரைவில் பருத்துவிடும். கொடுப்பவருக்கு அது அன்பாகத் தோன்றினாலும், ஏற்கெனவே குறுகிய மூச்சுவழியுடைய நாய்க்கு ஒவ்வொரு கிலோகிராமும் கூடுதல் சுமையே.

குறுகிய மூக்கின் துன்பம்

மனிதர் உடல்முழுதும் வியர்த்துக் குளிர்ச்சி அடைகின்றனர். நாய்க்கு அவ்வழி இல்லை. அதன் பாதங்களின் அடியில் மட்டுமே சிறிது வியர்க்கும். வெப்பத்தைத் தணிக்க அது வாயைத் திறந்து, நாவைத் தொங்கவிட்டு, விரைந்து மூச்சுவிடுகிறது. மூக்கின் உட்புறத்திலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. எனவே, நாய்க்கு மூக்கு முகர்வதற்கான உறுப்பு மட்டுமன்று. உடலைக் குளிர்விக்கும் கருவியும் ஆகும்.

தட்டையான முகம் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததால் பக் நாயின் முகவெலும்பு குறுகியது. ஆனால், அதற்குள் அடங்கவேண்டிய மென்தசைகள் அதே அளவில் குறுகவில்லை. நாக்கும் மேலண்ணத்தின் தசையும் சிறிய இடத்தில் நெருக்குண்டு மூச்சுவழியை அடைக்கின்றன. மூக்குத் துளைகளோ பல நாய்களில் வெறும் கோடுகளாகவே உள்ளன. உறங்கும்போது எழும் குறட்டையும் விழித்திருக்கும்போது எழும் கரகரப்பும் கேட்போர்க்கு வேடிக்கையாக இருக்கலாம். காற்றுக்காக அந்நாய் நாள்தோறும் நடத்தும் போராட்டத்தின் ஒலி அது.

துன்பம் மூச்சோடு முடிவதில்லை. கண்குழி ஆழமின்றி இருப்பதால் விழிகள் முன்னே துருத்தி நிற்கின்றன. தூசியாலும் சிறு முள்ளாலும் எளிதில் புண்படுகின்றன. முக மடிப்புகளில் ஈரம் தங்கித் தோல்நோய் தோன்றுகிறது. சிறிய தாடையில் பற்கள் நெருங்கி முளைக்கின்றன. சுருண்ட வாலுக்குக் காரணமான எலும்பு அமைப்பு, சில நாய்களில் முதுகெலும்பையும் பாதிக்கிறது.

இங்கிலாந்தின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி 2022ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஓராண்டில் ஏதேனும் ஒரு நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு, பிற நாய்களைவிடப் பக் நாய்க்கு ஏறத்தாழ 1.9 மடங்கு மிகுதி என்று அது கண்டது. குளிர்மிகுந்த இங்கிலாந்திலேயே இந்நிலை என்றால், மே மாதத்தில் வெப்பம் 45 பாகை செல்சியசைத் தொடும் நாகபுரியிலும் தில்லியிலும் ஜெய்ப்பூரிலும் அந்நாயின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பேணும் முறை

ஏற்கெனவே பக் நாயை வளர்ப்போர்மீது பழி சுமத்துவதால் பயனில்லை. அவர்களுள் பலர் அதனைத் தம் குடும்பத்தில் ஒருவராகவே கருதுகின்றனர். அந்த அன்பு அறிவோடு சேர்ந்தால் நாயின் துன்பம் பெரிதும் குறையும்.

கோடைக்காலத்தில் நடைப்பயிற்சி கதிரவன் எழுமுன்பும், தரை குளிர்ந்த பின்பும் மட்டுமே நடைபெற வேண்டும். புறங்கையைச் சில நொடிகள் தரையில் வைக்க இயலாவிடில், அத்தரை நாயின் பாதத்திற்கும் ஏற்றதன்று. கழுத்துப்பட்டை மூச்சுக்குழலை அழுத்தும். மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டையே பொருத்தமானது. நிறுத்தி வைத்த மகிழுந்துக்குள் நாயைச் சில நிமிடங்கள்கூட விட்டுச் செல்லலாகாது.

முக மடிப்புகளை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்துப் பின் ஈரமின்றி உலர்த்த வேண்டும். விழிகளில் சிவப்போ நீர்வடிதலோ தோன்றினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு நாள் தாழ்த்துவது பார்வையையே பறிக்கக்கூடும். மென்மையான குறுமயிர் ஆண்டு முழுவதும் உதிரும். வாரத்திற்கு இருமுறையேனும் சீவிவிடுவது நலம்.

உணவு அளவோடு இருக்க வேண்டும். விலாவெலும்புகள் கண்ணுக்குத் தெரியாமலும் கைக்குத் தென்படும்படியும் இருப்பதே சரியான உடல்நிலை. சாக்லேட்டு, வெங்காயம், பூண்டு, திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சாகும். கேசரியிலும் பாயசத்திலும் உள்ள உலர்திராட்சையும் இவ்விலக்கில் அடங்கும். வெறிநோய் உள்ளிட்ட தடுப்பூசிகளையும் குடற்புழு நீக்க மருந்தையும் மருத்துவர் குறித்த நாளில் தவறாது கொடுக்க வேண்டும்.

நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியசு வரை இருக்கும். அது 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கே இடர். மூச்சிரைப்பு அடங்காமை, நாக்கு கருஞ்சிவப்பாதல் அல்லது நீலமாதல், வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். அப்போது நாயை நிழலுக்குக் கொண்டுசென்று, உடலைக் குளிர்ந்த நீரால் நனைத்து, விசிறிவிட வேண்டும். குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் விரைவது முறை.

நடுவண் அரசுப் பணியில் உள்ளோரின் குடும்பங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறுகின்றன. அவர்கள் இன்னொன்றையும் எண்ண வேண்டும். தொடர்வண்டியில் நாயை உடன் அழைத்துச் செல்ல, குளிரூட்டப்பட்ட முதல் வகுப்பில் தனியறை முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். இல்லையெனில், நாய் வண்டிக் காவலர் பெட்டியிலுள்ள கூண்டில் தனியே செல்ல வேண்டும். கோடையில் அக்கூண்டுப் பயணம் குறுமூக்கு நாய்க்குப் பேரிடர். விமான நிறுவனங்கள் பலவும் இத்தகைய நாய்களைச் சரக்கறையில் ஏற்ற மறுக்கின்றன. மாற்றல் ஆணை வந்தபின் நாயை யாரிடமேனும் விட்டுச் செல்வதைவிட, வாங்குமுன் இவற்றை எண்ணுவதே அறம்.

மறுப்பும் விடையும்

"பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் நாய் இது, இயற்கை தந்த முகத்தைக் குறை கூறலாமா?" என்று சிலர் வினவுவர். இம்முகத்தை இயற்கை தரவில்லை. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745ஆம் ஆண்டில் தம் உருவத்தோடு தம் பக் நாயையும் வரைந்துள்ளார். இலண்டனில் பாதுகாக்கப்படும் அவ்வோவியத்தில் நாயின் மூக்கு தெளிவாக முன்னே நீண்டிருக்கிறது. கால்களும் இன்றுள்ளதைவிட நீண்டு காணப்படுகின்றன. ஆகவே, இன்றைய தட்டைமுகம் பழைமையின் கொடை அன்று; பிற்கால மனிதரின் விருப்பம் செதுக்கியது. மனிதர் குறுக்கிய மூக்கை மனிதரே மீண்டும் நீட்ட இயலும். ஐரோப்பாவில் சிலர் அம்முயற்சியில் ஈடுபட்டும் உள்ளனர்.

"குளிரூட்டிய அறையும் நல்ல மருத்துவரும் இருந்தால் போதாதா?" என்பது அடுத்த வினா. அவை துன்பத்தைக் குறைக்கும். ஆனால் மூக்குத் துளையை அகலமாக்கா. அறுவை மருத்துவம் ஓரளவு உதவும் என்பது உண்மை. பிறக்கும்போதே மூச்சுத் தடையோடு ஓர் உயிரைத் தோற்றுவித்து, பின்னர் அதனை அறுத்துச் சீராக்குவதை அன்பு என்று சொல்ல இயலாது. மேலும், மின்தடை எந்த வீட்டையும் கேட்டு வருவதில்லை.

"வாங்குவோர் குறைந்தால் இவ்வினமே அழிந்துவிடாதா?" என்பது மூன்றாவது வினா. ஓர் இனத்தைக் காப்பது என்பது அதன் நோயைக் காப்பது அன்று. நலமான பெற்றோரைத் தேர்ந்து, மூக்கு நீண்ட குட்டிகளைப் பெறச் செய்தால் இனமும் வாழும். அதன் இனிய குணமும் வாழும். ஏனெனில், பக் நாயின் அன்பு அதன் தட்டை முகத்தில் தங்கியிருக்கவில்லை.

சட்டமும் சமுதாயமும்

உயிர்களிடத்து இரக்கம் காட்டுவதை இந்திய அரசமைப்பின் 51அ பிரிவு குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதன்கீழ் 2017ஆம் ஆண்டில் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனி விதிகள் வகுக்கப்பட்டன. நாய்களை இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு பெண்நாயை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் ஈனச் செய்யக் கூடாது என்பன அவற்றுள் சில.

தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, அம்மாநிலத்தின் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவை என 11 இனங்களைப் பட்டியலிட்டது. பனிநாட்டு நாய்களோடு பக் நாயும் அதில் இடம்பெற்றது. அப்பட்டியலைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் எழுந்தன. ஆயினும், நாயின் நலத்தை மண்ணின் வெப்பத்தோடு சேர்த்து எண்ண வேண்டும் என்ற அதன் அடிப்படை ஏற்கத்தக்கதே. நெதர்லாந்தும் மிகக் குறுகிய மூக்குடைய நாய்களின் இனப்பெருக்கத்திற்குக் கட்டுப்பாடு விதித்துள்ளது.

எனினும், சட்டம் கடையின் வாயில்வரைதான் வரும். பணத்தை எடுத்துக் கொடுப்பது வாங்குவோரின் கை. கேட்போர் இருக்கும்வரை விற்போரும் இருப்பர். குட்டியின் தாயைக் காட்ட மறுப்பவரிடமும் பதிவுச் சான்று இல்லாதவரிடமும் வாங்க மறுப்பது ஒவ்வொருவராலும் இயலும். வெப்பத்தைத் தாங்கி வாழப் பழகிய நாட்டுநாய்க் குட்டிகள் எல்லா ஊர்களிலும் வீடு தேடி அலைகின்றன. அவற்றின் மூக்கு நீண்டது, மூச்சு தடையற்றது, நன்றியிலும் அவை எவ்வினத்துக்கும் குறைந்தவை அல்ல. துணை வேண்டும் என்று நாயைத் தேடும் குடும்பம், முதலில் தன் தெருவைப் பார்ப்பது தகும்.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது பேதைமை என்று தமிழர் பழமொழியாகக் கூறுவர். பிறிதோர் உயிரின் மூச்சை விற்று அழகு வாங்குவதோ பேதைமையினும் கொடியது. ஏனெனில், விற்பவரும் வாங்குபவரும் மனிதர், இழப்பது மட்டும் நாய். வீட்டில் உள்ள பக் நாயை அறிவோடு பேணுதலும், புதிதாக ஒன்றை வாங்குமுன் அதன் மூச்சொலியைக் காதுகொடுத்துக் கேட்டலும் இளந்தலைமுறை கற்க வேண்டிய பண்புகள். ஓர் உயிர் நலமாக மூச்சுவிடுவதைக் கண்டு மகிழக் கற்ற கண்களுக்கு, நீண்ட மூக்கும் அழகாகவே தோன்றும்.

சிந்தித்து எழுதுக

1. நாய்க்கு மூக்கு முகர்வதற்கான உறுப்பு மட்டுமன்று என்று கூறப்படுவது ஏன்?
2. ஹோகார்த்தின் ஓவியம் எக்கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது?
3. 'சட்டம் கடையின் வாயில்வரைதான் வரும்' என்னும் தொடரின் பொருளை விளக்குக.
4. விளம்பரத்தைக் கண்டு வளர்ப்பு விலங்கை வாங்குவது முறையா? உம் கருத்தைக் காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.